பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு கதை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுது எழுது என்று எந்த உந்துதலும் என்னைப் பிடித்து ஆட்டவில்லை. என் அக்காவுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் தேவைப்பட்டது. என்னிடம் வாய் இருந்தது.

அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஆளை உட்காரவைத்து, மூக்கின்மேல் ஓர் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்டே இருபத்தாறு வருடத்தை ஓட்டிவிட்டாள். கடைக்குப் போக வர சைக்கிள்தான். பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு வேன் பின்னாலிருந்து வந்து அவளைத் தட்டிவிட்டுப் போய்விட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து, கட்டுப்போட்டு, கூடியும்விட்டது. ஆனால் சைக்கிளில் ஏறினால், பின்னால் எந்தச் சத்தம் கேட்டாலும் இரண்டு கையாலும் பிரேக்கை இறுக்கி அப்படியே நின்றுவிடுகிறாள்.

அதனால்தான் காயலோரப் பாதைக்கு வந்தோம். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் காடு. நுழைகிற இடத்தில் இரண்டு கல்தூண்கள். நடுவில் சைக்கிள் மட்டும் புகும். பதினோரு கிலோமீட்டருக்கு மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, மோட்டார் வண்டி கிடையாது. எல்லாம் சரி, ஆனால் தரையெல்லாம் சரளைக்கல். பின்னால் ஒரு சக்கரம் உருண்டாலே நறநறவென்று கேட்கும். ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் முன்னால் போவாள். நான் பின்னால் பேசிக்கொண்டே வருவேன். பின்னால் வரும் நறநற நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் அவளும் நின்றுவிடுவாள்.

மரியாதைக்காக இதைக் கதை என்கிறேன். உள்ளபடி இது ஹாரன்.

2

முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்ப விஷயம் பேசினேன். இரண்டாவது கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிட்டது. (எங்கள் குடும்பம் அவ்வளவுதான்.) அடுத்த வாரம் என் தொழிலைப் பேசினேன். வாஷிங் மெஷின்களுக்குக் கையேடு எழுதுகிறவன் நான். "மூடியைத் திறக்குமுன் சுழற்சி முழுமையாக நின்றுவிட்டதை உறுதிசெய்துகொள்ளவும்" என்பது என்னுடைய வாக்கியம். எத்தனையோ வீடுகளில் இருக்கிறது, ஒருவரும் படித்ததில்லை. அக்கா கொட்டாவி விட்டாள். சைக்கிளில் போகும்போது கொட்டாவி ஆபத்து. வேறு வழியில்லாமல் கதைக்கு வந்தேன்.

முதல் தொடக்கம்:

"காயல் நீர் வெள்ளித் தகடாக விரிந்து கிடந்த அந்தக் காலையில், துயரம் தோய்ந்த விழிகளோடு ஒருத்தி—"

"தோச்சது போதும், காயப் போடு" என்றாள் அக்கா, திரும்பாமலே.

இரண்டாம் தொடக்கம்:

"பாதையின் நடுவில் ஒரு பிணம் கிடந்தது. அதன் வலது கையில்—"

பிரேக். நான் அவள் பின் சக்கரத்தில் போய் இடித்தேன்.

"நடுவுலன்னா எந்தப் பக்கமா ஒதுங்கிப் போறது? நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்ல?"

மூன்றாம் தொடக்கம்: "ஒருத்தி சைக்கிள் ஓட்டினாள்."

"ம். அப்புறம்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அப்புறம் என்ன? கதை எழுதுகிறவனுக்கு இதைப்போல ஒரு பாழாய்ப்போன இடம் கிடையாது. வண்டி இல்லாததால் மோத ஆளில்லை. சரிவு இல்லாததால் உருண்டு விழ வழியில்லை. பாதை எங்கும் பிரியாததால் யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் சவுக்கு மரம், வலப்பக்கம் தண்ணீர், அதில் ஒரு கொக்கு. (வேறு வேறு கொக்குகள் என்கிறாள் அக்கா. எனக்கு ஒன்றுதான்.)

போதாக்குறைக்கு அக்கா நிபந்தனை வேறு போட்டாள். "கதையில வண்டி வரக் கூடாது. யாரும் சாகக் கூடாது. அவ அழக் கூடாது." இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது பெடல்.

3

கைப்பிடியில் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டால் பின்னால் வருவது தெரியுமே என்று கேட்பீர்கள். மாட்டினோம். அக்கா அதையே பார்த்துக்கொண்டு ஓட்டி நேராக நாணலுக்குள் போய்விட்டாள். கழற்றியாயிற்று.

 பேசுவதற்குப் பதில் பாடலாமே என்பீர்கள். ஒருமுறை பாடினேன். எதிரே வந்தவர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுகொண்டார்.

4

கதாநாயகிக்கு முப்பத்திரண்டு வயது என்று ஆரம்பித்தேன்.

"ஏன், அம்பத்தொண்ணுல யாரும் சைக்கிள் ஓட்டறதில்லையா?"

ஐம்பத்தொன்று ஆக்கினேன். பிறகு ஒரு வனக்காவலரைக் கொண்டுவந்தேன், நடந்துதான். பெரிய மீசை.

"அவருக்கு என்ன வேலை?"

"மரத்த எண்ணுவாரு."

"எண்ணிட்டு?"

"மறுபடி எண்ணுவாரு."

அக்கா கொஞ்ச தூரம் யோசித்தாள். "பாவம், நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு. மீசைய மட்டும் எடுத்துடு."

வனக்காவலர் புண்ணியத்தில் ஆறாவது கிலோமீட்டர்வரை போனோம். நடுவில் ஏழெட்டு முறை நின்றோம், அது வேறு.

ஆனால் எனக்கே என் கதாநாயகி மேல் நம்பிக்கை இல்லை. அவள் காற்றில் முடி பறக்க, பயமே அறியாதவளாக— (அடித்துவிட்டேன். சுத்தப் பொய்.) அக்காவுக்குப் பயம். இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, கடைக்கு நடந்தே போகிறாள். கேட்கிறவர்களிடம் டாக்டர் நடக்கச் சொன்னார் என்கிறாள். எந்த டாக்டரும் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. இந்த வரியை அவள் படித்தால் என்னைக் கொன்றுவிடுவாள். அப்படிக் கொன்றால் அவள் போட்ட நிபந்தனையை அவளே மீறியதாகும்.

போன சனிக்கிழமை அவள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பக்கத்து வீட்டுத் தையக்கார அம்மா இதக் கேக்கறாங்க. நாளைக்குக் கடைசிவரைக்கும் ஒரு தடவகூட நிக்காமப் போயிட்டேன்னா நானே வெச்சுக்கறேன். இல்லன்னா அவங்களுக்குக் குடுத்துடறேன். சும்மா நிறுத்தி வெச்சுத் தொடச்சுக்கிட்டே இருக்க முடியாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். ராத்திரியே தொண்டைக்கு வெந்நீர் வைத்துக் குடித்தேன்.

5

ஞாயிறு காலை ஏழாவது கிலோமீட்டர்வரை நிற்கவில்லை. நானும் மூச்சு வாங்கவில்லை. வனக்காவலர் மரங்களை எண்ணி முடிக்கும் நேரத்தில் என் சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது. பெடல் காற்றில் சுற்றியது. சைக்கிள் தானாக நின்றது.

அக்கா போய்க்கொண்டிருந்தாள்.

"நில்லுக்கா" என்றால் எல்லாம் அங்கேயே முடிந்தது. சைக்கிள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். வாயை மூடினாலும் நின்றுவிடுவாள். எனவே நின்ற இடத்திலேயே பேசினேன். அவள் தள்ளிப் போகப் போகக் குரலை ஏற்றினேன், அப்போதுதான் நான் பக்கத்திலேயே வருவதுபோல் அவளுக்குக் கேட்கும். ஐம்பது அடியில் வனக்காவலர் மீசையை எடுத்தார். நூறு அடியில் கல்யாணத்துக்குக் கேட்டார். இருநூறு அடியில் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காட்டைப் பார்த்து, "எனக்குச் சம்மதம்னு அவ சொன்னா, சம்மதம்னு சொன்னா" என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு தம்பதி மரத்தோரமாக ஒதுங்கி, வேகமாக நடந்து போனார்கள்.

பிறகு தொண்டை கட்டிக்கொண்டது. இருமல்தான் வந்தது, அப்புறம் அதுவும் வரவில்லை.

பிரேக் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போய், பாதை வளைகிற இடத்தில் மரங்களுக்குள் மறைந்தது. வளைவில் வேகம் குறைந்ததா, தலை லேசாகத் திரும்பியதா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியவில்லை.

செயினை மாட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மிதித்தால் பிடித்துவிடலாம். ஆனால் குரலே இல்லாமல் பின்னால் போய் நிற்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கைக் கிரீஸைப் புல்லில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது கிடையாது. ரொம்பப் பயமாக இருந்தது.

6

இப்போது முடிவுகள். உட்காருங்கள், சட்டத்தை மாட்டிக்கொள்ளுங்கள். எது தெளிவு?

ஒன்று: வளைவுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுவிட்டாள். நடுக்கம் அடங்கும்வரை நின்றாள். மீதி நான்கு கிலோமீட்டரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாள்.

இரண்டு: எனக்குச் செயின் கழன்றது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சக்கரச் சத்தம் நின்று போனதும், குரல் மட்டும் வந்துகொண்டிருப்பதும் அவளுக்குக் கேட்காதா என்ன? தெரிந்தேதான் ஓட்டினாள்.

மூன்று: அவள்— (வேண்டாம். இதில் அழுகை வருகிறது.)

எனக்கு இரண்டாவதன் மேல்தான் ஆசை. ஆனால் என் ஆசைக்கு இங்கே மதிப்பில்லை. பாதை முடிந்து காயல் கடலில் சேருகிற இடத்துக்கு நான் போனபோது அக்கா ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் மரத்தில் சாய்ந்திருந்தது. ஓட்டி வந்த சைக்கிளும் தள்ளி வந்த சைக்கிளும் சாய்த்துவைத்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்டேன்.

"அந்த வளைவுக்கு அப்புறம் நடந்தத நீ எழுதாத" என்றாள். "நீ அங்க இல்ல."

"கற்பனை பண்ணிக்கறேன்க்கா. அதானே என் தொழில்."

"உன் தொழில் வாஷிங் மெஷின்."

ஆகவே அந்த நான்கு கிலோமீட்டர் என் கையில் இல்லை. உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் என்னிடம் காட்ட வேண்டாம்.

7

திரும்பும்போது அக்கா வந்த வழியைக் கையால் காட்டி, "நீ முன்னாடி போ" என்றாள்.

"அப்ப உன் பின்னாடி யாரு வருவா?"

"யாரும் வரல. போ."

போனேன். பின்னால் சரளை நறநறத்தது. அவள் பேசவில்லை. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர். பின்னால் வருவது அவள்தானா, வருகிறாளா நிற்கிறாளா, எனக்கு எப்படித் தெரியும்? கழுத்து திரும்பத் துடித்தது. பதினான்கு மாதமாக அவள் தலைக்குள் இருந்தது இதுதானா?

"அக்கா, ஏதாவது பேசேன்" என்றேன். கட்டிய தொண்டையில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பாதையப் பாத்து ஓட்டுடா" என்று மிகப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

பாதையைப் பார்த்து ஓட்டினேன்.