வெட்டி எறிந்த மடிப்பு

கிரேன்காரரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்குத் துறைமுகம் விட்டுத் துறைமுகம் மாறுவதுதான் குடித்தனம். சொந்தக்காரர்கள் அவளுக்கு மூட்டைக்காரி என்றே பேர் வைத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் பார்த்தால், "என்ன மூட்டைக்காரி, இப்போ எந்த ஊர்ல அவுத்து வச்சிருக்க?" என்பார்கள். "இன்னும் அவுக்கவே இல்ல, நீங்க கூப்பிட்டீங்கன்னு அப்படியே வந்துட்டேன்" என்பாள். சிரிக்காமல் வேறு என்ன செய்வாள், கண்ணுகளா?

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். மாற்றல் வந்தால் முதலில் அவர் மட்டும் போவார். கிடைத்த குவார்ட்டர்ஸின் ஜன்னல்களைச் சாண் போட்டு அளந்து போனில் சொல்வார். அவருடைய சாண் என்றால் இவளுடைய சாணும் இரண்டு விரலும். அந்தக் கணக்கில் இவள் திரைச்சீலைகளைப் பிரித்துத் தைத்த பிறகுதான் மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறுவாள். குடிபோகும் முன்னால் எந்த வீட்டையும் அவள் கண்ணால் பார்த்தது கிடையாது. திரைகளின் அடியில் ஒரு முழத் துணியை மடித்து விட்டிருப்பாள். உயர ஜன்னலுக்கு அவிழ்ப்பாள், குட்டை ஜன்னலுக்கு ஏற்றித் தைப்பாள். கத்தரிக்கோல் மட்டும் அந்த மடிப்பைத் தொட்டதே இல்லை.

நகரத்தில் அவர்களுக்கு ஒரு சின்ன ஃப்ளாட் உண்டு. கல்யாணமானதிலிருந்து மகளும் மருமகனும் அதில் இருக்கிறார்கள். இரண்டாவதாகக் கிரேன்காரர் மலைமேல் ஒரு வீடு வாங்கினார். ரிட்டயரானதும் நாம் இரண்டு பேரும் அங்கேதான், உப்புக்காற்றும் வேண்டாம், துருவும் வேண்டாம் என்றார். வழக்கப்படி அவரே போனார், ஜன்னல் அளவு சொன்னார். மூட்டைக்காரி புதுத் துணி எடுத்துத் தைத்தாள். தைத்ததை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, மிச்சத் துணியை ஒட்ட வெட்டி எறிந்தாள். இனி வேறெந்த வீட்டு ஜன்னலுக்கும் அவை ஆகாது. அவள் இத்தனை வருஷமாக ஆசைப்பட்டதே அதற்குத்தான்.

அவர் ரிட்டயராக ஒரு மாதம் இருந்தது. அவர் வரும்போது திரைகள் தொங்கிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். மகள் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். ஒரு வீட்டை முன்கூட்டியே தான் மட்டும் பார்க்கப் போவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

வாசலில் யாருடைய காரோ நின்றது. கொடி நிறைய ஒரே மாதிரி வெள்ளைத் துண்டுகள். உள்ளே சீட்டாடுகிறவர்களின் சிரிப்பு. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று தயங்கியவளை, துடைப்பத்தோடு வந்த ஒரு பெண் நிறுத்தினாள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். செருப்பை எங்கே விடவேண்டும், வெந்நீர் எப்போது வரும், காலையில் எப்போது காலி செய்யவேண்டும் என்றெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஆனால் நீங்கள் நாளைக்கு வரவேண்டியவர்களாச்சே, இன்றைக்கு ஆள் இருக்கிறார்களே என்றாள். வாங்கின நாளிலிருந்தே நாள் வாடகைக்குத்தான் விடுகிறார்களாம். சீசன் முடிகிறவரை இடமே இல்லையாம்.

வீட்டுக்காரர்கள் வந்து தங்கமாட்டார்களா என்று கேட்டாள் மூட்டைக்காரி.

"ஐயா வருவாரு. அந்தம்மா வரமாட்டாங்களாம். ஒரே இடத்துல இருந்தா அவங்களுக்குத் தூக்கம் வராதாம். ஊர் ஊரா மாறிக்கிட்டே இருக்கணுமாம். ஐயாவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

திறந்திருந்த கதவு வழியாக ஜன்னலைப் பார்த்தாள். கடையில் வாங்கிய திரை ஒன்று ஏற்கெனவே தொங்கியது. ஜன்னலின் அளவில் தப்பே இல்லை. அவர் சொன்னது சொன்னபடி இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இந்த ஜன்னல் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, சாண் வைத்து, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, அவளிடம் சிரித்துப் பேசியிருக்கிறார்.

வாசலில் நின்றே அவருக்குப் போன் போட்டாள்.

"பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டியா?"

"நம்ம வீட்டுக்கு வந்திருக்கேன். உள்ள ஆள் இருக்காங்க. வெளிய நிக்கிறேன்."

அவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். சும்மா கிடந்தால் வீடு பாழாகிவிடும் என்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் கொஞ்ச நாள் மகள் வீட்டு ஹாலில் படுத்துக்கொள்ளலாம் என்றார். சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தாராம். அத்தனையையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒன்று சொன்னார்.

"இன்னும் ஒரு தடவை மாறினா என்ன இப்போ? உனக்குத்தான் பழக்கமாச்சே."

அவள் போனை வைத்துவிட்டாள். ஒவ்வொரு புது ஊரிலும் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதிருக்கிறாள். அவருக்கு அது தெரியும், தெரிந்தும் அவளுடைய மானம் காக்கத்தான் கேட்காமல் இருக்கிறார் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தாள்.

தான் யார் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். பாவம், துடைப்பத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அவள் தவித்தாள். அன்றைக்குத் தன் அறையில் பாயை விரித்துக் கொடுத்தாள். மறுநாள் சீட்டாடினவர்கள் கிளம்பியதும் மூட்டைக்காரி உள்ளே போனாள். அடுத்து வந்தவர்களிடம் தானே மன்னிப்புக் கேட்டு, கீழ்த்தெருவில் இருக்கும் லாட்ஜுக்கு வழி சொல்லி அனுப்பினாள். இனி யாரையும் சேர்க்காதே என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

சாயங்கால பஸ்ஸில் கிரேன்காரர் வந்து இறங்கினார். முகத்தில் சமாதானச் சிரிப்பு, கையில் பெட்டி. அவள் கதவைத் திறந்தாள். விலகி வழி விடாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"வாங்க. எத்தனை நாள் தங்கறதா உத்தேசம்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்று காத்திருந்தாள். என்ன பேச்சு இது என்றார், இது என்ன விளையாட்டு என்றார். பெட்டியைக் கீழே வைப்பதா, கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் அந்த மனிதர் வாசலிலேயே நின்றார்.