தண்ணீர் நிற்கும் இடமா?

"வண்டி நிறுத்துற எடத்துல தண்ணி நிக்குமா சார்?" என்று காப்பீட்டு மேசையில் இருந்த கவியா கேட்டாள். கண்ணப்பன் பேனாவின் மூடியைக் கழற்றினான். யாதொன்றும் எழுதாமல் மறுபடியும் மாட்டினான்.

அதுவரை எல்லாம் தங்குதடையின்றி நடந்துகொண்டிருந்தது. ஒரகடம் சாலையோரத்து விற்பனையகத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், சாமந்தி மாலையுடன் அவனுடைய புது வெள்ளைக் கார் நின்றிருந்தது. பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்றாள் கவியா, சரி என்றான். உடைந்த பாகத்தை மாற்றும்போது தேய்மானம் கழிக்காமல் முழுத்தொகையும் கொடுக்கும் திட்டத்தைச் சொன்னாள், அதற்கும் இசைந்தான். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால் என்று அவள் அடுக்கியவற்றை வேண்டாம் என்று ஒதுக்கினான். அதன் பிறகே இந்தக் கேள்வி வந்தது.

"எதுக்குக் கேக்குறேன்னா சார், தண்ணில நின்ன வண்டிய தெரியாம ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் போயிடுச்சுன்னா, சாதா பாலிசில ஒரு பைசா வராது. எஞ்சினுக்குத் தனியா போடணும். நீங்க மணிமங்கலம் அட்ரஸ் குடுத்திருக்கீங்க, அதான்."

கண்ணப்பனின் வலப்புறத்தில் அவன் மனைவி செந்தாமரை அமர்ந்திருந்தாள். இடப்புறத்தில் மாரிராஜ். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், தொழிற்சாலையில் கண்ணப்பனின் மேற்பார்வையில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். அண்ணன் வண்டி எடுக்கும்போது கூட நிற்க வேண்டும் என்று ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். கண்ணப்பன் இருவரையும் பார்க்காமல், மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னான்:

"அதெல்லாம் நிக்காதும்மா. எங்களுது மேடு."

"நானும் படப்பைதான் சார். மழை நேரத்துல அந்த ஏரிப் பக்கமெல்லாம்..."

"அது ஏரிக்கு அந்தாண்ட. நாங்க இந்தாண்ட கீறோம்."

மாரிராஜ் சிரித்தான். "எம்மா, லைன்ல ஒரு போல்ட்டு லூஸா இருந்தா சத்தத்த வச்சே கண்டுபிடிச்சிருவாரு எங்கண்ணன். சொந்த வீட்டுல தண்ணி நிக்குமான்னு அவருக்குத் தெரியாதா? அவரு சொல்லுக்குத்தான் நானும் பக்கத்து மனைய எடுக்கேன். திங்கக்கெழம பத்திரம்."

கண்ணப்பனுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி திடீரென்று சிறுத்துவிட்டாற்போல் இருந்தது. காலை மாற்றிப் போட்டான். மாரிராஜிடம் அவன் பொய் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. தரகுக்காகச் சொல்லவில்லை, அந்த மனை வியாபாரத்தில் ஒரு தேநீர்கூட அவன் வாங்கிக் குடித்ததில்லை. பன்னிரண்டு மனைகளில் நான்கு ஆண்டுகளாக அவன் வீடு ஒன்றுதான் நிற்கிறது. ஒரு வீட்டை நம்பித் தெருவிளக்கு வரவில்லை, சாலையும் வரவில்லை. அவனுக்கு இரவு ஷிப்ட் வரும் வாரங்களில், செந்தாமரை மாலை ஆறு மணிக்கே கதவைத் தாழிட்டுக்கொண்டு, விடியும் வரை மணிக்கொரு முறை தொலைபேசியில் அழைப்பாள். பக்கத்தில் ஒரு ஜன்னல், அதில் ஒரு வெளிச்சம், குக்கர் விசில் சத்தம், இவ்வளவுதான் அவன் வேண்டியது. உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவும்போது, "தண்ணி எப்படிண்ணே?" என்று மாரிராஜ் கேட்டான். "ஒரு சொட்டு நிக்காதுடா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது அரிசி மூட்டையையும் அடுப்பையும் மொட்டை மாடிக்கு ஏற்றி, தார்ப்பாயின் கீழ் இரண்டு நாள் குந்தியிருந்ததை அவன் சொல்லவில்லை.

"அப்ப சரி சார்," என்று கவியா ஒரு தாளை நகர்த்தினாள். "எஞ்சின் கவர் வேணாம்னு உங்க கையால ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. இல்லன்னா பின்னாடி எங்ககிட்டதான் சண்டைக்கு வருவாங்க."

அவன் எழுதத் தொடங்கினான். 'எங்கள் பகுதியில் வெள்ளம்' என்ற அளவில் பேனா நின்றது.

"நல்லவேள," என்று மாரிராஜ் கவியாவிடம் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்தான். "எங்க கொத்தனார் பேஸ்மட்டத்த நாலடி ஏத்தணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அண்ணனே மேடுன்னு சொல்லுதாரு, ஒன்னரை அடி போதும்னுட்டேன். மிச்சத்துல பின்னால ஒரு ரூம்பு போட்டுருவேன்."

கண்ணப்பன் எழுந்தான். "தோ, வண்டிய ஒரு தபா பாத்துட்டு வரேன்."

வெளியே வெயில் வண்டியின்மேல் வழிந்தது. அவன் கதவைத் திறந்தான், மூடினான், டயரைக் காலால் தட்டினான். பின்னாலேயே செந்தாமரை வந்து நின்றாள்.

"எஞ்சினுக்கு இன்ஷூரன்ஸ் போட்டுக்கலாம். அவன் வூட்டுக்கு இன்னா போடுவ?"

"பக்கத்துல ஆளே இல்லன்னு பொலம்பிக்கினு இருந்தது யாரு? நீதான?"

"ஆள் கேட்டேன். ஏமாத்தி இட்டாரச் சொன்னனா?"

அவள் குரல் உயரவில்லை. இந்த மூன்று மாதமும் இதனை இவள் எங்கே வைத்திருந்தாள் என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. மாரிராஜ் குடிவராவிட்டால், அந்தத் தெரு இன்னும் எத்தனை ஆண்டு இருண்டு கிடக்கும் என்பதை அறியாதவள் அல்லள். அந்த இருட்டில் இருக்கப்போகிறவளே அவள்தான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மாரிராஜ் வந்தான். அவனுக்குப் பின்னால் கவியா.

"என்னண்ணே, பாதி எழுதிட்டு வந்துட்டீய? அந்தப் பிள்ள காத்துக்கிட்டு இருக்கு."

கண்ணப்பன் அந்தத் தாளை வாங்கவில்லை. "எஞ்சினுக்கும் சேத்துப் போட்டுடும்மா" என்றான் கவியாவிடம்.

"எதுக்குண்ணே தண்டத்துக்கு? அங்கதான் தண்ணி..." மாரிராஜின் சிரிப்பு முகத்திலேயே சிறிது நேரம் தங்கியிருந்தது, பிறகு மெல்ல வடிந்தது. அவன் செந்தாமரையைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நிக்கும்டா," என்றான் கண்ணப்பன்.

சாலையில் தொழிற்சாலைப் பேருந்து ஒன்று இரைந்துகொண்டு போயிற்று. அது கடந்து ஓசை அடங்கும் வரை மாரிராஜ் காத்திருந்தான்.

"எம்புட்டு?"

கண்ணப்பன் குனிந்து, முன்சக்கரத்தின் மேல்வளைவில் உள்ளங்கையை வைத்தான். மாரிராஜ் அருகே வந்து வண்டியை ஒட்டி நின்று, அந்தக் கை தன் காலில் எங்கே வருகிறது என்று பார்த்தான். முழங்காலுக்குச் சற்று மேலே வந்தது.

"ஒரு தடவதானண்ணே?"

"அது மொத தபா," என்றான் கண்ணப்பன். மெருகு கலையாத அந்த வெள்ளைத் தகட்டின்மேல், ஈரமான வியர்வைத் தடத்தை இழுத்துக்கொண்டு, அவனது உள்ளங்கை மெல்ல மேலே ஏறியது. கதவின் கைப்பிடி வரை சென்று அங்கே நின்றது.