மிளகுச் சாக்கும் ஒட்டுத்தாடியும்

பஸ்லாவின் வீட்டில் சட்டம் போடுவது உம்மா றுஸைனா. அதை நடத்திவைக்கும் பொலிஸ் வாப்பா மக்கீன். கடைசியாக வந்த சட்டம் இது: முதலாம் வருடப் புள்ளிவிபரவியலில் கோட்டைவிட்ட மகள், அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதிப் பாஸாகும் வரை மேடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. மீறினால் ஹொஸ்டல் கிடையாது. தினமும் விடிய மாத்தளையில் பஸ் ஏறிக் கலேவெலவில் இறங்கிப் படித்துவிட்டு, பின்னேரம் நல்ல பிள்ளையாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

கேட்கிறவர்களுக்கு இது பெரிய தண்டனையாகத் தெரியாது. ஆனால் கலேவெலவுக்கு வெளியே, வயலை ஒட்டியிருந்த அந்த கெம்பஸில் நாடகம் என்பது விரிவுரையெல்லாம் முடிந்த பிறகுதான் மூச்சுவிடத் தொடங்கும். பொழுது சாயும்போது அங்கே இல்லாதவள் நாடகத்திலும் இல்லை. பஸ்லாவுக்கு உலகத்தில் உருப்படியாக வருகிற காரியம் ஒன்றே ஒன்று, இன்னொரு ஆளாக மாறுவது. ஒருவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டால் போதும், அவருடைய நடை, இருமல், கோபம் வரும்போது மூக்கைத் தடவும் விதம் எல்லாம் இவளுக்கு வந்துவிடும். புள்ளிவிபரவியல் மட்டும்தான் வராது.

ஆகவே அந்த வருடக் கலை வாரத்தில் அவள் நடிக்கப் பெயர் கொடுக்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்று மற்றவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தாள். மேடைப் பக்கம் போகக் கூடாது என்றார்களே தவிர, மேடைக்குப் பின்பக்கத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்பது அவளுடைய வாதம். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய பிள்ளை.

நாடகத்தின் பெயர் ‘மிளகு மாப்பிள்ளை’. எழுதி இயக்கியவன் எல்கடுவத் தோட்டத்து நிதுஷன், மாப்பிள்ளையும் அவனேதான். மிளகு வியாபாரி ஒருவர் தன் மகளைப் பெண் கேட்டு வருகிறவனை மிளகைச் சோதிப்பதுபோலச் சோதித்து, கடைசியில் தானே மாட்டிக்கொள்ளும் கதை. வியாபாரி வேடம் ஸுஹைலுக்கு. நாடகத்துக்கு முதல் நாள் ஸுஹைலுக்குக் கொப்புளிப்பான் போட்டுவிட்டது. முகமெல்லாம் கொப்புளத்தோடு நின்றவனை லக்கலவிலிருந்த அவன் வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு, எல்லோரும் திரும்பிப் பஸ்லாவைப் பார்த்தார்கள்.

வசனம் முழுவதும் மனப்பாடம். போதாததற்கு மிளகுக் கடை முதலாளியின் மகள். பஸ்லா மூன்று தரம் மறுத்தாள். மூன்றாம் தரம் மறுக்கும்போதே ஒட்டுத்தாடியைக் கன்னத்தில் வைத்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் ஸுஹைலின் பெயர்தான் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். உள்ளே இருப்பது யார் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது.

நாடகத்தன்று காலையில் வீட்டுக்குக் கைபேசியில் அழைத்து நிலவரம் பார்த்தாள். வாப்பா வியாபார விஷயமாகத் தம்புள்ளைக்குப் போய்விட்டார், வர இருட்டிவிடும் என்றார் உம்மா. படிப்பு எப்படிப் போகிறது என்றும் கேட்டார். புத்தகம் கையில்தான் இருக்கிறது என்றாள் பஸ்லா. கையில் இருந்தது தாடி ஒட்டும் பசை.

பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. திரை விலகியதும் பஸ்லா சாரமும், ஸுஹைலின் வேடத்துக்கென்று முன்பே வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த வாப்பாவின் பழைய பச்சை பெல்ட்டுமாக, வயிற்றை முன்னால் விட்டுக்கொண்டு மேடைக்கு நடந்தாள். முதல் வரிசையைப் பார்த்தாள். நடுக் கதிரையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டில், தம்புள்ளைக்குப் போன வாப்பா உட்கார்ந்திருந்தார்.

அடுத்ததாக அவள் கண்ணில் பட்டது மேடை நடுவில் நின்ற மிளகுச் சாக்கு. ஒத்திகை நாட்களில் அந்த இடத்தில் ஒரு கதிரைதான் இருந்தது; சாக்கு நேராக மேடைக்கே வந்திருந்தது. அதில் பச்சை மையில், கொட்டை எழுத்தில் ‘பலீல் அன் சன்ஸ், மாத்தளை’ என்று இருந்தது. பலீல் அவளுடைய வாப்பாவின் வாப்பா.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு கிழமைக்கு முன் நிதுஷன் மாத்தளைக் கடைகளில் ஏறி இறங்கி, நாடகத்துக்கு ஒரு சாக்கு மிளகு இரவல் கேட்டிருக்கிறான். மற்றவர்கள் சிரித்து அனுப்ப, மக்கீன் மட்டும் முழுச் சாக்காகத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். சாக்கிலுள்ள பேர் ஆட்களைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது அவர் கேட்ட ஒரே கைம்மாறு. அதைக் கண்ணால் பார்க்கத்தான் வீட்டில் தம்புள்ளை என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தார். பஸ்லா மிளகுக் கடைப் பிள்ளை என்று தெரிந்த நிதுஷனுக்கு, அந்தக் கடை பலீலுடையது என்று தெரியாது. மகள் ஹொஸ்டலில் புத்தகமும் கையுமாக இருப்பாள் என்று மக்கீன் நம்பினார். தான் காவல் காக்கிற சட்டத்தின் மேல் பொலிஸுக்கு அவ்வளவு நம்பிக்கை.

திரும்பி ஓட வழியில்லை. பஸ்லா நடிக்கத் தொடங்கினாள். அவள் அந்த வியாபாரியை வேறு யாரைப் பார்த்துச் செய்வாள்? காதுக்குப் பின்னால் பேனை, பேச்சுக்கு நடுவில் ஒரு செருமல், விலை சொல்லுமுன் கூரையைப் பார்க்கும் பார்வை, எல்லாம் முன்வரிசையில் இருப்பவரின் சொத்து. மாற்றலாம் என்று பார்த்தால் உடம்பு கேட்கவில்லை. மக்கீனோ தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்துக் கடை முனாஸைத்தான் பையன் அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று அருகில் இருந்தவரிடம் சொன்னார். சொன்னபோது அவர் காதுக்குப் பின்னாலும் ஒரு பேனை இருந்தது.

பிழை நடந்தது மூன்றாவது காட்சியில். வியாபாரி சாக்கிலிருந்து மிளகை அள்ளி, ஒன்றைக் கடித்து, ‘இந்தக் காரம் இருக்கிறவனுக்குத்தான் என் மகள்’ என்று சொல்ல வேண்டும். பஸ்லா அள்ளினாள். கட்டைவிரலால் உள்ளங்கையில் தேய்த்தாள், ஊதினாள், கடித்தாள். சின்ன வயதிலிருந்து கடைக்குள் வளர்ந்த பிள்ளையின் நாக்கு வசனத்துக்காகக் காத்திருக்குமா? இடதுபக்கம் திரும்பித் துப்பினாள்.

“இது மிளகா? பப்பாசி விதையெல்லோ.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. மண்டபம் ஒரு நொடி சாக்கிலிருந்த பெயரை வாசித்தது. அப்புறம் கூரை அதிர்கிற மாதிரிச் சிரித்தது. மாத்தளைப் பிள்ளைகள் கடையின் பெயரையே கூவினார்கள். அங்கங்கே கைபேசிகள் உயர்ந்தன. மக்கீன் எழுந்து நின்றார்.

“நிப்பாட்டுங்க. அது என்ட சாமான் இல்ல. நான் குடுத்தது மிளகு.”

சிரிப்பு இரண்டு மடங்கானது. இதுவும் நாடகம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நிதுஷன் மேடையில் மாப்பிள்ளைச் சட்டைக்குள் வியர்த்து நின்றான். பஸ்லாவுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒரு செருமல் செருமிவிட்டு அடுத்த வசனத்துக்குத் தாவலாம்; அவள் தப்பிவிடுவாள், ஹொஸ்டலும் தப்பும். ஆனால் விடிவதற்குள் பலீல் அன் சன்ஸின் பப்பாசி விதை மாத்தளை முழுக்கக் கைபேசியில் ஓடும். அவள் தாடிக்குள் நின்று யோசித்தாள்.

“சாக்கில இருக்கிறது ஒங்கட பேரா, முதலாளி?” என்று வியாபாரியின் குரலிலேயே கேட்டாள்.

“என்ட வாப்பாட பேரு,” என்றார் மக்கீன். “அந்தப் பேர்ல ஒரு நாளும் கலப்படம் வித்ததில்ல.”

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் அவளுக்கு மட்டும் கேட்டது. வீட்டில் எவ்வளவு சத்தம் போட்டாலும் வாப்பாவின் குரல் நடுங்கி அவள் கேட்டதில்லை. ஹொஸ்டல் போனால் போகட்டும்.

“அப்ப பேசிப் பிரயோசனம் இல்ல. மேல, நடுவு, அடி. மூணு எடமும் கை வச்சுப் பார்க்காம ஒரு சாக்க நல்லதுன்னும் சொல்லப்படாது, கெட்டதுன்னும் சொல்லப்படாது.”

மக்கீன் கடையில் வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது, சொல்லுக்குச் சொல். அவருடைய புருவம் மெல்ல ஏறியது. மேடையில் நின்ற ஆளின் தாடியைப் பார்த்தார், பச்சை பெல்ட்டைப் பார்த்தார், உள்ளங்கையில் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்த கட்டைவிரலைப் பார்த்தார். கதிரையில் உட்கார்ந்தார்.

பஸ்லா சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டாள். மேலே பப்பாசி விதை. நடுவில் ஏதோ மெத்தென்று அகப்பட்டது, பிடித்து இழுத்தாள். தலையணை ஒன்று விதைகளை இறைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதன் ஓரத்தில், ஹொஸ்டல் வழக்கப்படி, மையால் ‘ஜிப்ரி’ என்று எழுதியிருந்தது.

மேடைச் சாமான்களுக்குப் பொறுப்பான ஜிப்ரி திரைக்குப் பின்னாலிருந்து நழுவப் பார்த்தான். நிதுஷன் போய்க் காலரைப் பிடித்து மேடைக்குக் கொண்டுவந்தான். தலையணை எப்படிச் சாக்குக்குள் போனது என்று வியாபாரி விசாரித்தார். ஜிப்ரி கூட்டத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பிறகு உண்மையைக் கக்கினான். மிளகைப் பத்திரமாக வைக்க ஆண்கள் ஹொஸ்டலுக்குக் கொண்டு போனார்களாம். முதல் நாள் முட்டைப் பொரியலுக்கு ஒரு கரண்டிதான் எடுத்தார்களாம். அதன் பிறகு மிளகு போடாத சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லையாம். காலியான இடத்துக்குத் தலையணையாம், அதை மறைக்க மேலே பப்பாசி விதையாம்.

“அடியில ரெண்டு பிடி மிச்சம் இருக்குது,” என்றான், அதுவே தன் நேர்மைக்குச் சாட்சி என்பதுபோல.

பஸ்லா மீண்டும் குனிந்து, தோள் வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். ஒன்றல்ல, நாலைந்தைச் சேர்த்துக் கடித்தாள். காரம் உச்சந்தலையில் ஏறிக் கண்ணால் வழிந்தது. தாடியின் ஒரு ஓரம் நனைந்து தொங்கியது. கண்ணீர் முழுவதற்கும் மிளகுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

“இது மிளகு,” என்றாள். “இதுதான் பலீல் அன் சன்ஸ்.”

மண்டபம் கைதட்டியது. நிதுஷன் கெட்டிக்காரன், ஒரே எட்டில் அவள் காலடியில் வந்து மண்டியிட்டான். தன்னையும் மேலே, நடுவே, அடியே பார்த்துவிட்டுப் பெண்ணைக் கொடுக்கும்படி கேட்டான். திரை விழுந்தது. எழுதி வைத்திருந்த முடிவு இதற்குக் கிட்டவும் வராது என்று அவனே பிறகு ஒத்துக்கொண்டான்.

பரிசளிப்பில் நடுவர் குழுத் தலைவி, நாடகத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர், ஒலிவாங்கியைப் பிடித்து நீண்ட நேரம் பேசினார். கூட்டத்துக்குள் ஒரு நடிகரை இரகசியமாக உட்கார வைத்து, மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையிலிருந்த சுவரை உடைத்த அந்த உத்தியைத் தான் இந்த நாட்டில் இவ்வளவு இயல்பாகக் கண்டதில்லை என்றார். கோபத்தை அளந்து காட்டிய அந்த மூத்த கலைஞர் மேடைக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மக்கீன் பின்னால் திரும்பி யாரைச் சொல்கிறார்கள் என்று பார்த்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைத் தூக்கி நிறுத்தாத குறைதான். மேடையேறிப் பூமாலை வாங்கினார். எத்தனை வருட அனுபவம் என்று கேட்டதற்கு, முப்பது வருடமாகக் கடை நடத்துகிறேன் என்றார். நடுவர் அதையும் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்.

அடுத்து, சிறந்த நடிகர் ஸுஹைல் என்று அறிவித்தார்கள். லக்கலவில் கொப்புளத்தைச் சொறிந்துகொண்டிருந்தவனுக்காகப் பஸ்லா தாடியோடு போய்க் கேடயத்தை வாங்கினாள். கைதட்டல் காதை அடைத்தது. வேறொரு பெயருக்குத் தட்டுகிற கை அது. மகிழ்ச்சியைவிட வயிற்றெரிச்சல்தான் கூடுதலாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் அவள் தாடியைக் கழற்றப் போகும் நேரத்தில் மக்கீன் மாலையும் கழுத்துமாக வந்து நின்றார். பஸ்லா தாடியை அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, என்ட மகள் ஒருத்தி இங்க படிக்கிறா,” என்றார். “பஸ்லான்னு பேரு. தெரியுமா?”

“கண்டிருக்கேன்,” என்றாள், வியாபாரியின் குரலில்.

“அவளக் கண்டா, அந்தப் பச்சை பெல்ட்ட வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. உம்மா தேடுறா.” செருமிக்கொண்டார். “இன்னொண்ணு. ஸுஹைல்னு கூப்பிட்டாங்க பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சு. நல்ல சாமானுக்குப் பேரு ஆக்களப் பார்த்து இருக்கணும். அந்தப் பாடத்தப் பாஸாகிட்டு, அடுத்த வருஷம் சொந்தப் பேர்ல ஏறச் சொல்லுங்க.”

பஸ்லாவால் வியாபாரியின் குரலைப் பிடித்துவைக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். தாடியின் மறு ஓரமும் கழன்று தொங்கியது. மக்கீன் அதைப் பார்க்காதவர்போல வாசலுக்குப் போனார். போனவர் நின்று திரும்பினார்.

“ஹொஸ்டல் விஷயம் உம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்னு சொல்லுங்க,” என்றார். பிறகு கழுத்திலிருந்த மாலையைத் தடவிப் பார்த்து, அவசரமாகக் கழற்றி அவள் கையில் திணித்தார். “வேணாம், ஒண்ணும் சொல்லாதீங்க. நான் தம்புள்ளையிலதானே இருக்கிறேன்.”