பன்னிரண்டு வயதுக் கம்ப்யூட்டர்

விஜயராணிக்குக் காலையிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. உறுவையாறு தாண்டி இருக்கும் அந்தச் சின்னப் பால் சங்கத்தில் ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். கம்ப்யூட்டருக்கு வயது பன்னிரண்டு. இன்றைக்குள் அதில் அப்டேட் ஏறாவிட்டால், பாலின் கொழுப்பு அளக்கும் புரோகிராம் நாளை முதல் திறக்காது. புதுக் கம்ப்யூட்டர் வரும். அதன் முன்னால் உட்காரத் தலைவர் சிங்காரவேலுவின் தங்கை மகள் மணிபாரதி வருவாள் என்று ஊரே பேசுகிறது. விஜயராணி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சங்கத்தில் நெட் கிடையாது. அரியாங்குப்பத்திலிருந்து தமிழ்க்குமரன் அப்டேட்டைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். புதுக் கம்ப்யூட்டர் விற்கப்போகிற புண்ணியவானும் அவன்தான். முன்பக்கத்து இரண்டு துளைகளிலும் செருகிப் பார்த்தான். நுழையவில்லை.

"போர்ட்டு போச்சு தலைவரே. காயலாங்கடைக்குத்தான் ஆவும்."

"ஒன்பது வருஷமா இன்னாத்தம்மா பாத்துக்கினு இருந்த?" என்றார் சிங்காரவேலு. குரலில் வருத்தம் துளியும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது.

விஜயராணி புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி ஒரு துளையின் வாயைச் சுரண்டினாள். மஞ்சள் பொருக்கு உதிர்ந்தது.

"இன்னா இது?" என்றான் தமிழ்க்குமரன்.

"ஆயுத பூஜ சந்தனம். வருஷா வருஷம் தலைவரே அவரு கையால அப்புவாரு. ஓட்டயில வக்காதீங்கன்னு சொன்னதுக்கு, சாமி காரியம் உங்க ஆளுங்களுக்கு இன்னா தெரியும்னு கேட்டாரு."

சிங்காரவேலு உதிர்ந்த பொருக்கை மேசையிலிருந்து தட்டிவிட்டார்.

அவள் பென் டிரைவைத் தமிழ்க்குமரன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். மேசையை இழுத்தாள். பெட்டியின் பின்பக்கத்துக்குத் தலைவரின் சந்தனக் கை ஒருநாளும் எட்டியதில்லை. அங்கே செருகினாள். சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

முக்கால் மணி நேரம் ஓடியது. அறுபது சதவீதத்தில் நின்றபோது சிங்காரவேலுவின் முகம் மலர்ந்தது. எழுபதுக்குப் போனதும் வாடியது. இரண்டு முறை அணைந்து எழுந்து, கடைசியில் கொழுப்பு புரோகிராம் திறந்தது. தமிழ்க்குமரன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"அப்போ மணிபாரதிக்கு நான் இன்னா பதில் சொல்றது?" தலைவருக்கு வாய் தவறி வந்துவிட்டது.

விஜயராணி ஊக்கை அவர் முன்னால் வைத்தாள்.

"வரச் சொல்லுங்க. இன்னும் சந்தனம் பாக்கி இருக்குது. உக்காந்து சொரண்டட்டும்."