துண்டு காய்ந்த தகடு

1

இந்தக் கதை ஒரு கருகல் வாடையிலிருந்து வந்தது. பழுது பார்க்கும் கடையில் என் ரேடியோவுக்காகக் காத்திருந்தபோது, வெந்து வெடித்த டிரான்சிஸ்டர் ஒன்று மேசையில் கிடந்தது. "இது எதுல இருந்துச்சு?" என்று கேட்டேன். கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன். எழுதாமல் இருந்திருக்கலாம்.

2

மின்சாரம் போனது. அக்கா

வேண்டாம். அக்கா யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்யூட் போர்டு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. வீட்டில் அம்மா, மூச்சு இயந்திரம் இல்லாமல் படுக்க முடியாத தம்பி. மின்சாரம் போனாலும் இயந்திரம் ஓட, பேட்டரியோடு ஒரு பெட்டி செய்து வைத்திருந்தாள். அதற்குள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஒரு ரெகுலேட்டர் சிப். பேட்டரி வடிந்து, அதன் அழுத்தம் தேவைக்குத் துளி மேலே நின்றாலும் சிப் சமாளித்துவிடும்.

"அப்பப்ப சிப்பைத் தொட்டுப் பாரும்மா. சூடா இருந்தா உடனே எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

3

தம்பிக்கு மூச்சு இன்னும் மோசமானது. பெரிய இயந்திரம் வந்தது. அவ்வளவு மின்னோட்டம் அந்தச் சிப்புக்குத் தாங்காது. அதனால் பெட்டிக்கு வெளியே, அலுமினியத் தகட்டில், தடித்த டிரான்சிஸ்டர் ஒன்றைத் திருகி வைத்தாள். இனி சிப் உத்தரவு மட்டும் போடும். சுமை முழுவதும் வெளியே இருப்பதன் தலையில்.*

* "அக்காவும் அந்த வீட்டில்" என்று இங்கே ஒரு வாக்கியம் தொடங்கி அடித்துவிட்டேன். அவளை உதிரிபாகமாக்க மனசு வரவில்லை.

சிப்புக்குத் தன் சூடு மட்டும்தான் தெரியும். வெளியே இருப்பது வெந்து செத்தாலும் அது பாட்டுக்கு உத்தரவு போடும். அக்காவுக்கு இது தெரியும். "தகடு சூடாத்தான் இருக்கும்மா, பயப்படாதே" என்றாள். பழைய பாடத்தை மாற்றிச் சொல்ல மறந்துபோனாள். (மறக்காத அக்காவையும் எழுதிப் பார்த்தேன். கதை நகரவில்லை. என்மேலேயே வெறுப்பு வந்தது.)

4

சூடு வீணாகப் போகிறதே என்று மகனின் ஈரத் துண்டை அந்தத் தகட்டில் காயப்போடும் அம்மாவை நம்புவீர்களா? நான் நம்புகிறேன். எதையும் வீணாக்காதவள் அவள்.

மதியம் அக்காவுக்குப் போன் வந்தது.

"கரண்டு போயி ரொம்ப நேரமாச்சுடி. உன் பெட்டி நல்லா ஓடுது. தொட்டுப் பார்த்துட்டேன், ஜில்லுனு இருக்கு."

"எதைம்மா தொட்டே?"

"சிப்பைத்தான். நீதானே சொன்னே?"

"தகடு?"

"அதுல தம்பி துண்டைப் போட்டிருக்கேன்."

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஈரம் இருக்கும்வரை தகடு ஆறும். துண்டு காய்ந்துவிட்டால் அது சூட்டை வெளியே விடாத போர்வை. டிரான்சிஸ்டர் வெந்து, பேட்டரியின் அழுத்தம் முழுவதும் இயந்திரத்துக்குள் பாயும். தம்பியின் மூச்சு

"துண்டு இன்னும் ஈரமா இருக்காம்மா?"

"நல்லா காஞ்சிடுச்சு. ஐயோ, போன்ல சார்ஜ் இல்ல. வெச்சிடறேன், நீ வேலையைப் பாரு."

"அம்மா, துண்டை எடு! அம்மா!"

மறுபடி போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது.

5

முடிவு ஒன்று: மின்சாரம் திரும்பி வருகிறது. எழுதினேன். அந்தக் கருகல் வாடை நம்ப விடவில்லை.

முடிவு இரண்டு: பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள். பார்த்து என்ன செய்வாள்? அவளுக்கும் அது காய்ந்த துண்டுதான்.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தால் தம்பி என் முகத்தையே பார்க்கிறான்.

அக்கா தொழிற்சாலைப் படிகளில் ஓடுகிறாள். வீடு தொலைவு. நான் எழுதுகிற வேகத்தில்தான் அவளால் ஓட முடியும், எனக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவ்வளவு நேரம் அந்த அறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள்தான். தயவுசெய்து அந்தத் துண்டை எடுங்கள்.