சமாதானக் குடில் போட்டி

டிசம்பர் மூன்றாம் தேதி காலை ஆறு நாற்பதுக்குக் காபியோடு உளவுச் செய்தியும் வந்தது. இரண்டையும் கொண்டுவந்தவள் மனைவி மௌரீன்.

"அண்ணன் இந்த வருஷம் நட்சத்திரத்தைக் கம்பத்துல கட்டலையாம். பறக்க விடுறாராம்."

ஓஸ்வால்ட் காபியைக் கீழே வைத்தார்.

"எதுல?"

"ட்ரோன்ல. நாப்பதடி."

"யார் சொன்னது?"

"அண்ணன்தான். ரகசியம்னு சொன்னார்."

ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர்கள் கோயில் பங்கில், பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழுவுக்கு அன்பியம் என்று பெயர். ஒவ்வோர் அன்பியமும் கிறிஸ்துமஸுக்கு மாட்டுத்தொழுவமும் தொட்டிலும் நட்சத்திரமும் வைத்து ஒரு குடில் போடும். கிளெமென்ட் ஃபாதர் சுற்றிவந்து மார்க் போடுவார். ஓஸ்வால்ட் சூசையப்பர் அன்பியத்தின் தலைவர். எதிர்ச்சாரியில் அந்தோணியார் அன்பியம். அதன் தலைவர் கில்பர்ட், மௌரீனின் அண்ணன். நடுவில் இருபதடி ரோடு. பதினொரு வருடத்தில் கில்பர்ட் ஆறு முறை ஜெயித்திருந்தார். ஐந்து என்று ஓஸ்வால்ட் சொல்வார். ஒரு வருடம் மழை.

மற்ற பதினொரு மாதமும் அவர்கள் சிநேகிதர்கள். தினமும் காலை ஏழு மணிக்குப் பார்க்கை நான்கு சுற்று சுற்றுவார்கள். மூன்றாம் சுற்றில் உலகப் போர் வரும்.

ஓஸ்வால்ட் முப்பத்தொரு வருடம் சரித்திர வாத்தியார். ஓய்வுக்குப் பிறகு பங்குப் பத்திரிகையில் 'மூன்றாம் உலகப் போர் வருமா?' என்று தொடர் எழுதிக்கொண்டிருந்தார். ஏழு மாதமாகத் தொடர் வந்துகொண்டிருந்தது. ஒருவன் ஒரு கப்பல் வாங்குவான். பயத்தில் அடுத்தவன் இரண்டு வாங்குவான். விற்கிறவன் முதலாமவனிடம் திரும்பப் போய், அங்கே மூன்று இருக்கிறது என்பான். பிறகு ஏதோ ஓர் ஊரில் ஒரு துப்பாக்கி வெடிக்கும். யாராலும் நிறுத்த முடியாது. 1914இல் அதுதான் நடந்தது, இப்போதும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்பது அவர் கட்சி. அச்சுப்பிழை பார்க்கிறவரையும் சேர்த்து நான்கு பேர் படித்தார்கள்.

கில்பர்ட் விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். படிக்காமலேயே மறுப்பார்.

"முப்பத்தாறு வருஷம் சண்டை விமானத்துக்கு ஸ்க்ரூ முடுக்கினேன் மாப்ளே. எல்லாம் ஜனவரி மாசம் ஒரு ரவுண்டு பறந்துட்டு வந்து ஷெட்டுல நிக்குது. கையில சாமான் இருந்தா எவனும் கிட்ட வர மாட்டான்."

"எல்லார் கையிலயும் இருந்தா மச்சான்?"

"எல்லாரும் தள்ளித் தள்ளி நிப்பான்."

இந்த டிசம்பரில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஓஸ்வால்டின் மகள் கேரல் நான்கு மாதப் பிள்ளையோடு பூனாவிலிருந்து வந்திருந்தாள். இருபத்தெட்டாம் தேதி ஞானஸ்நானம். அன்று பிள்ளையைக் கையில் பிடிக்கும் ஞானத்தகப்பன் கில்பர்ட். அவருக்குப் பிள்ளை கிடையாது. அக்டோபரிலேயே கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் சூட் தைத்து வாங்கிவிட்டார். சாம்பல் நிறம்.

அன்று காலை நடையில் ஓஸ்வால்ட் ட்ரோனைப் பற்றிக் கேட்கவில்லை. கில்பர்ட் சொல்லவில்லை. நான்கு சுற்றும் குளிரைப் பற்றிப் பேசினார்கள்.

சாயங்காலம் ரித்விக் வந்தான். யாரும் கூப்பிடவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையில் வஜ்ரநேத்ரா ஏரோ என்று இருந்தது. எல்லையைக் கண்காணிக்க ட்ரோன் செய்கிற கம்பெனி.

"மெயினா டிஃபென்ஸ்தான் அங்கிள். ஆனா ஊர் ஜனங்க சந்தோஷமா யூஸ் பண்ற மாதிரி ஒரு வீடியோ வேணும். இன்வெஸ்டர்ஸ் கேக்குறாங்க. உங்களுக்கு ஃப்ரீ. நட்சத்திரத்துல எங்க ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக்கணும்."

"கில்பர்ட்டுக்குக் கொடுத்ததும் நீங்கதானா?"

"அவங்களுக்குக் கருடா டூ. உங்களுக்குக் கருடா த்ரீ. அறுபதடி போகும்."

"ரெண்டு பக்கமும் கொடுக்குறீங்க."

"நாங்க எந்தப் பக்கமும் இல்ல அங்கிள். நியூட்ரல்."

இதே வாக்கியத்தை நான்காம் அத்தியாயத்தில் ஓஸ்வால்ட் எழுதியிருந்தார். மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் வைத்திருந்தார். அறுபதடி என்று அவன் நீட்டிய படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எட்டாம் தேதி கில்பர்ட்டும் கருடா த்ரீக்கு மாறினார்.

பத்தாம் தேதி கோயில் வாசலில் பேனர் வந்தது. 'பூமியில் சமாதானம் – குடில் போட்டி. வழங்குவோர்: வஜ்ரநேத்ரா ஏரோ.' ஒரு மூலையில் புறா, ஒரு மூலையில் ட்ரோன். தூரத்திலிருந்து பார்த்தால் எது எது என்று தெரியவில்லை. கோயிலுக்கு நான்கு புது ஸ்பீக்கர் கிடைத்தது.

"உங்க தொடரை இந்த மாசம் அரைப் பக்கமா சுருக்கிக்கலாமா ஓஸ்வால்ட் சார்?" என்றார் கிளெமென்ட் ஃபாதர். "விளம்பரத்துக்கு இடம் வேணும்."

"யார் விளம்பரம் ஃபாதர்?"

ஃபாதர் ஸ்பீக்கரைப் பார்த்தார். ஓஸ்வால்ட் சுருக்கிக்கொண்டார். ஆயுத வியாபாரிகளைப் பற்றிய பகுதியை எடுத்தால் அளவு சரியாக வந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கில்பர்ட் சிவாஜிநகர் கறிக்கடையிலிருந்து இரண்டு ஆடுகளை, உயிரோடு திருப்பித் தரும் நிபந்தனையில், கொண்டுவந்தார். ஓஸ்வால்ட் புகை இயந்திரம் வாங்கினார். சந்துக்குள் ஆறே வீடு கொண்ட குழந்தை தெரேசாள் அன்பியம் தன் பெத்லகேம் குடிலைக் கலைத்துவிட்டு, மூன்று ராஜா பொம்மைகளோடும் கில்பர்ட் பக்கம் சேர்ந்தது.

"நம்மகிட்ட பிள்ளை இருக்கு" என்றார் ஓஸ்வால்ட்.

"டாடி, அது என் பிள்ளை. சீரியல் செட் இல்ல" என்றாள் கேரல்.

மூன்று நாள் பேச்சுவார்த்தை நடந்தது. குடில் தொட்டிலில் பத்து நிமிடம், கொசுவலைக்குள் என்று முடிவானது.

மௌரீன் இரண்டு வீட்டிலும் கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கல் சுட்டுக்கொண்டிருந்தாள். இங்கே நடப்பதை அங்கேயும் அங்கே நடப்பதை இங்கேயும் சொன்னாள். எல்லாம் உண்மை. அதனால் ஒருவரும் நம்பவில்லை. ரித்விக் சொன்னதைத்தான் நம்பினார்கள். அந்தப் பக்கம் எண்பதடி கேட்டிருக்கிறார்கள் என்று அவன் ஒவ்வொரு பக்கத்திலும் சொல்லிவைத்திருந்தான்.

"ஏங்க, நீங்க கம்பத்துல கட்டினா அண்ணனும் கம்பத்துல கட்டுறாராம்."

"உங்க அண்ணன் முதல்ல கட்டட்டும்."

"அவரும் இதையேதான் சொன்னார்."

"பாத்தியா? எப்பிடிப்பட்ட ஆளு பாரு."

பதினைந்தாம் தேதி காலை, இரண்டாம் சுற்றிலேயே போர் வந்தது.

"மாப்ளே, உன் நட்சத்திரம் சோதனைக்குப் பறக்கும்போது எங்க மாட்டுத்தொழுவம் மேல வருது."

"காத்து தள்ளுது மச்சான்."

"காத்து இந்தப் பக்கம்தான் தள்ளுமா? இனிமே வந்தா நானும் உன் தொட்டில் மேல வருவேன்."

"அங்க என் பேரன் படுக்கப்போறான் மேன்!"

"என் ஞானப்பிள்ளை. எனக்குத் தெரியாதா?"

"உன் பிள்ளையா? அப்ப ஒண்ணு பண்ணு. இருபத்தெட்டாம் தேதி அந்தச் சூட்டைப் போட்டுக்கிட்டு வேற எங்கயாவது கல்யாணத்துக்குப் போ."

கில்பர்ட் நின்றார். குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். அது அவிழ்ந்திருக்கவில்லை. பிறகு இரண்டு சுற்று பாக்கி வைத்துவிட்டு கேட் வழியாகப் போய்விட்டார்.

மறுநாள் ஓஸ்வால்ட் தனியாக நடந்தார். மூன்றாம் சுற்றில் வாயைத் திறந்து, பக்கத்தில் யாரும் இல்லாததால் மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து எட்டாம் அத்தியாயத்துக்கு உட்கார்ந்தார். '1914இல் போரை யார் நிறுத்தியிருக்கலாம்?' என்று தலைப்பு எழுதினார். மதியம் வரை தலைப்பு மட்டும் இருந்தது.

"அண்ணன் சூட்டைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டார்" என்றாள் மௌரீன்.

"நானா பூட்டச் சொன்னேன்?"

"பின்ன யாரு?"

அவர் எழுந்து எதிர் வீட்டைப் பார்த்தார். போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். போனால் நட்சத்திரத்தைப் பற்றி விட்டுக்கொடுக்க வந்ததாக கில்பர்ட் நினைப்பார். திரும்பி உட்கார்ந்தார்.

இருபத்தொன்றாம் தேதி, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இரண்டு நட்சத்திரங்களும் ஏறின. மூங்கிலும் காகிதமும்; உள்ளே விளக்கு; நடுவில் வஜ்ரநேத்ரா. அறுபதடியில் இரண்டும் நின்றன. ரோடு முழுக்க ஜனம் மேலே பார்த்தது. குடிலை யாரும் பார்க்கவில்லை.

ரித்விக் மொட்டைமாடியில் வீடியோ எடுத்தான். பத்து நிமிடத்தில் இறங்கிவந்து ஹெல்மெட்டை மாட்டினான். "செம ஷாட் அங்கிள். கிளம்புறேன், ஹெப்பால் பக்கம் ஜாம் ஆயிடும்."

"பேட்டரி தீர்ந்தா?"

"தானா இறங்கிடும்."

"எங்க?"

"அது காத்தைப் பொறுத்து" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போனில் பத்து நிமிட மணி அடித்ததும் கேரல் தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கில்பர்ட்டின் ஆடு ஒன்று ரோட்டைத் தாண்டி வந்து தொட்டிலின் வைக்கோலைத் தின்றது. அந்த ஊடுருவலை ஒருவரும் கவனிக்கவில்லை.

கிளெமென்ட் ஃபாதர் நோட்டில் ஏதோ எழுதினார். "ரெண்டும் ரொம்ப நல்லா இருக்கு. இறக்கிடுங்க" என்றார். பாட்டு முடிந்ததும் முடிவைச் சொல்வதாகச் சொல்லி, சந்துக்குள் கலைந்துகிடந்த பெத்லகேமுக்கு ஆறுதல் சொல்லப் போனார்.

ஒருவரும் இறக்கவில்லை. முதலில் இறக்குகிறவர் தோற்றவர் என்று எந்த விதியிலும் இல்லை. இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

ஓஸ்வால்டின் போனில் ட்ரோன் பேட்டரி பதினேழு சதவீதம். பதினான்கு. காற்று எழுந்தது. இரண்டு நட்சத்திரங்களும் நகர்ந்து நடுரோட்டுக்கு மேலே, ஒன்றின் வால் மற்றதைத் தொடுகிற தூரத்துக்கு வந்தன. அவற்றுக்கு நேர் கீழே கோயில் பாடகர் குழு நின்று, சமாதானத்தைப் பற்றி மூன்றாவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

எதிர்ச்சாரியிலிருந்து கில்பர்ட் ரோட்டைத் தாண்டி வந்தார். கையில் போன். சாம்பல் நிறச் சூட். ஆறு நாளுக்குப் பிறகு இப்போதுதான் பக்கத்தில் பார்க்கிறார் ஓஸ்வால்ட். தோளில் தையல் அருமையாக உட்கார்ந்திருந்தது.

"என்ன மச்சான், இன்னிக்கே போட்டுட்டே?"

"இருபத்தெட்டாம் தேதி எனக்கு வேலை இல்லேன்னு கேள்விப்பட்டேன். தைச்சதை எப்பத்தான் போடறது?"

ஓஸ்வால்ட் போனைப் பார்த்தார். ஒன்பது சதவீதம். அது கூவ ஆரம்பித்தது. பத்துக்குக் கீழே போனால் அது கூவும்.

"உன்னுது எவ்ளோ?" என்றார் கில்பர்ட்.

"இருபது."

"எனக்கு இருபத்தஞ்சு."

கில்பர்ட்டின் போனும் அதே குரலில் கூவிக்கொண்டிருந்தது.

"மச்சான், அன்னிக்கு நான் சொன்னது..."

"விடு மாப்ளே."

"நீ இல்லாம யாரு பிள்ளையைப் பிடிக்கிறது? நீதான் பிடிக்கணும்."

கில்பர்ட் கர்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்தார். "சூட்டு கசங்கிடும். இஸ்திரி போடணும்."

"நான் போட்டுக் கொடுக்கிறேன்."

சமாதானமாகிவிட்டது. நட்சத்திரங்கள் மேலேயே இருந்தன. ஏழு சதவீதம். ஒன்று லேசாகத் தள்ளாடியது. யாருடையது என்று தெரியவில்லை.

"நீ இறக்கு மச்சான்."

"இறக்குறேன். நீ முதல்ல."

"நீ பெரியவன்."

"நீ படிச்சவன். இதைப் பத்திப் புஸ்தகம் எழுதறவன்."

கேட்டருகே கல்கல் தட்டோடு மௌரீன் நின்றிருந்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணா இறக்கினா என்ன? கை சுளுக்கிக்குமா?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். ஏன் இது தோன்றவில்லை என்று ஓஸ்வால்டுக்கு வியப்பாக இருந்தது. எட்டாம் அத்தியாயம் இதோ கிடைத்துவிட்டது. நான்கு வரிதான்.

"நான் மூணு வரைக்கும் எண்ணுறேன்" என்றார் கில்பர்ட். "மூணுல ரெண்டு பேரும் அமுக்குறோம். சரியா?"

"சரி."

"சத்தியமா?"

"பேரன் மேல."

பாடகர் குழு நான்காவது பாட்டுக்கு மூச்சு இழுத்தது. கில்பர்ட் தன் போனைப் பார்க்கவில்லை. ஓஸ்வால்டின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு. ரெண்டு... மாப்ளே, உன் விரல் எங்க இருக்கு?"