பச்சைமலையில் ஒரு பெடல் பரிசோதனை

தர்மராஜ் தன்மேல் அக்கறை காட்டத் தொடங்கிய நாளிலிருந்தே மன்சூருக்கு அவர்மேல் சந்தேகம்.

"புது பெடல் மாத்திடுங்க மன்சூர். உங்களோடது ரொம்பப் பழைய மாடல். உங்க முழங்கைக்காகத்தான் சொல்றேன்."

மன்சூர் புத்தூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "உங்க கண்ணுக்காகத்தான் சொல்றேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி விலை கூடிய கண்ணாடியைத் தலையில் கட்டுபவர். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியாதா?

முழங்கை விவகாரம் இதுதான். இந்த வகைப் பெடலில் சும்மா கால் வைத்து மிதிக்க முடியாது. ஷூவுக்கு அடியில் திருகியிருக்கும் சின்ன இரும்புத் தகடு பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். மேடு ஏறும்போது காலும் சைக்கிளும் ஒரே உடம்பு. கழற்ற வேண்டுமென்றால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். மன்சூர் திருப்பினால் சில சமயம் உடனே விடும், சில சமயம் யோசிக்கும். அது யோசித்த இரண்டு தடவையும் அவர் சைக்கிளோடு சாய்ந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி வாசலிலேயே.

"இன்னொரு தடவை விழுந்தீங்க, சைக்கிள் காயலான் கடைக்குப் போயிரும்" என்று அவர் மனைவி கமர் ஜஹான் சொல்லிவிட்டார். வெறும் மிரட்டல் என்று நினைக்க முடியாது. வீட்டிலிருந்த டிரெட்மில் அப்படித்தான் போனது.

தர்மராஜ் ஓய்வுபெற்ற என்ஜினியர், மலை சைக்கிள் குழுவின் தலைவர். தேர்தல் நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் குரல் பதிவு முடிவதற்குள் டீ ஆறிவிடும். "பழசுக்கும் புதுசுக்கும் மாட்டுவண்டிக்கும் ராக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம். புதுசுல கால் வைக்கிற இடம் அகலம், சேறு அடைக்காது, நினைச்ச மாத்திரத்துல கால் வெளிய வந்துரும்."

குழுவிலிருந்த பிரிட்டோ ஒருமுறை கேட்டுவைத்தான். "சார், பெடலை விட்டுட்டு ஷூ தகட்டை மட்டும் மாத்தினா போதாதா? எம்-னு எழுத்துப் போட்ட தகடு இருக்காமே, எந்தப் பக்கம் திருப்பினாலும் கழண்டுருமாம்."

"அது கத்துக்குட்டிங்க போடுறது தம்பி. அதுக்கு மூணு சக்கர சைக்கிள் ஓட்டலாம்."

பிரிட்டோ கேள்வியையே அழித்துவிட்டான். ஆள் கமிஷன் அடிக்கிறார் என்று மன்சூர் அன்றே முடிவு கட்டினார்.

"சந்தேகம்னா பச்சைமலைக்கு வாங்க. நீங்க பழசுல ஏறுங்க, நான் புதுசுல ஏறுறேன். மேடு பதில் சொல்லட்டும்" என்றார் தர்மராஜ்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் தர்மராஜின் ஃப்ளாட்டில் காலை டிபன். குழுவில் எல்லோரும் போடும் அதே கறுப்பு ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போன மன்சூர், பொங்கலில் முந்திரி கூடுதலாக இருந்ததைக் கவனித்தார். தன் சைக்கிளுக்குத் தர்மராஜ் வலியப் போய்க் காற்றடித்ததையும் கவனித்தார். கிளம்பும்போது தர்மராஜ் போனில் யாருக்கோ பெடல் பாடம் எடுத்தபடியே ஷூவை மாட்டிக்கொண்டு முன்னால் போனார். மிச்சமிருந்ததை மன்சூர் மாட்டிக்கொண்டார். கொஞ்சம் இறுக்கினாற்போல் இருந்தது. அதற்கும் பொங்கலைத்தான் சந்தேகித்தார்.

காரில் மலையடிவாரம் வரை போய், அங்கிருந்து சைக்கிள். மரவள்ளிக் கொல்லைகளை ஒட்டிய மண்பாதையில் மேடு கடுமையாகிற திருப்பம். மன்சூரின் பின்சக்கரம் சரளையில் வழுக்கியது. யா அல்லாஹ், காயலான் கடை! குதிகாலை எப்படித் திருப்பினாரோ, கால் வெண்ணெய்போல் வெளியே வந்து தரையில் ஊன்றியது. பழைய பெடல் இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டால் அதில் ஏதோ இருக்கிறது.

"பாத்தீங்களா, தடுமாறுறீங்க!" பின்னாலிருந்து தர்மராஜின் குரல். "இப்ப நான் எவ்வளவு நிதானமா காலை எடுக்கிறேன், பாருங்க—"

மன்சூர் பார்த்தார். தர்மராஜ் காலைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு விளக்கத்தை நிறுத்தாமலே, சைக்கிளோடு மெதுவாக மரவள்ளிக்குள் சாய்ந்தார்.

ஷூ பெடலை விடவே இல்லை. மன்சூர்தான் லேஸை அவிழ்த்துத் தர்மராஜின் காலை உருவினார். ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் பச்சை நூல் தையல். ஜும்ஆவுக்குப் போனால் பள்ளிவாசலில் காலணி மாறிவிடுகிறது என்று மன்சூரின் எல்லாக் காலணியிலும் கமர் ஜஹான் போட்டுவைக்கும் அடையாளம்.

மன்சூர் தன் காலைத் தூக்கி ஷூவின் அடியைப் பார்த்தார். தகட்டில் தெளிவாக ஓர் எம்.

"என்ன சார் இது?"

தர்மராஜ் தலையிலிருந்த இலையை எடுத்தார். "அது... சும்மா டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்னு."

"எப்பலேர்ந்து டெஸ்ட்?"

தர்மராஜ் தலையில் அடுத்த இலையைத் தேடினார்.

கமர் ஜஹானிடமிருந்து போன் வந்தது. "விழுந்தீங்களா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. யாரோ முனகுற சத்தம் கேக்குது."

"தர்மராஜ் சார். அவருதான் விழுந்துட்டாரு."

"ராக்கெட்டுன்னாரே?"

"அதேதான்."

"அப்ப உங்க பழசே இருக்கட்டும். அதுக்காக சைக்கிள் தப்பிச்சிருச்சுன்னு நினைக்காதீங்க. வீடு வந்து சேருங்க, கையைக் காலைப் பாத்துட்டு சொல்றேன்."

தர்மராஜ் குரலைத் தாழ்த்தினார். "குரூப்ல சொல்லிடாதீங்க மன்சூர். அந்த ஷூவைக் குடுத்தீங்கன்னா..."

மன்சூர் கீழே பார்த்தார். முழு இறக்கம், சரளை, வரிசையாகத் திருப்பங்கள்.

"கீழ போயி மாத்திக்கலாம் சார்."

டக்கென்று காலை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னால் இரும்புத் தகடுகள் கல்லில் தட்டத் தட்ட, ராக்கெட்டைத் தள்ளிக்கொண்டு தர்மராஜ் நடந்து வரும் சத்தம் நெடுநேரம் கேட்டது.